ஐந்து காலடிக்கு ஓர் ஆண்டு

கொற்கை வன்னி மரத்தடியில், கூட்டி வந்தவர்களோடு கடலை நோக்கி நடையைத் தொடங்கும்போது ஒரே ஒரு கணக்கைத்தான் சொல்வேன். பாண்டியர் காலத்தில் கடல் இந்த ஊரை ஒட்டி இருந்தது. இன்று அது ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு ஏழாயிரம் மீட்டர் என்றால் ஆண்டுக்கு மூன்றரை மீட்டர். நம் நடைக்கு ஐந்து காலடி. “அஞ்சு அடி வச்சா ஒரு வருசம். வாங்க, போவோம்.”

குத்துமதிப்புக் கணக்குதான். கடலைத் தள்ளியது தாமிரபரணி கொண்டுவந்த மண். அது ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து போட்டதில்லை. நாம் போகும் பாதையும் வளைந்து நெளிந்துதான் கடலைச் சேரும். ஆனாலும் முதல் பத்து நிமிடம் எல்லோரும் குனிந்து எண்ணிக்கொண்டே வருவார்கள். பாதி வழியில் ஏதாவது ஒரு பையன் கத்துவான்: “ராஜராஜன் வந்தாச்சா?”

பேச்சில் இந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் அவமானம் தேவைப்பட்டது. முதல் முறை இருபது பேரைக் கூட்டி வந்தேன். வன்னி மரத்தடியில் ஒரு மணி நேரம் பேசினேன். 1870களில் கால்டுவெல் வந்து தோண்டியது, தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்தது, அங்கே கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 வாக்கில் என்று காலம் காட்டியது, பெரிபுளூஸ் என்ற கடல்வழி நூலை எழுதிய கிரேக்க மாலுமி இங்கே தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்ததாகக் குறித்து வைத்தது என்று ஒன்றையும் விடவில்லை. பேசி முடித்தபோது வெயில் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. முக்காணி போகும் சாலையில் பெரியவர் ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நான் முன்னால் போய்க்கொண்டு, கொற்கைப் பாண்டியர் காசைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. வாழைத்தோட்டத்துக்காரர் ஒருவர் அதற்குள் தன் தூக்குவாளி மோரை அவருக்குக் கொடுத்திருந்தார்.

அந்தத் தை மாதமே திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் குழு ஒன்றோடு சேர்ந்துகொண்டேன். பக்தி பாதி, பாடம் படிக்கும் ஆசை பாதி. இங்கிலாந்தின் சிற்றூர்களில் வாரக் கணக்கில் ‘நடைத் திருவிழா’ நடத்துகிறார்கள். வழிகாட்டி முன்செல்ல, ஊர்க்காரரும் வெளியூர்க்காரருமாக வயல்வெளிகளைச் சுற்றி வருகிறார்கள் என்று படித்திருந்தேன். அதுபோல நம்மிடம் இல்லையே என்று குறைப்பட்டதும் உண்டு. மார்கழி பிறந்தது முதல் தைப்பூசம் வரை கோவில்பட்டியிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் பச்சை உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறவர்களைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். அதைத் திருவிழா என்று நினைத்தேனே ஒழிய, நடை என்று நினைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் குருசாமி கடைசியில்தான் வந்தார். வேல் தூக்கிய இளவட்டங்கள் அரை மைல் முன்னால் போய்விட்டார்கள். அவர், கால் பெருவிரலில் கொப்புளம் கண்ட ஓர் அம்மாவோடு, அந்த அம்மா நின்றால் நின்று, நடந்தால் நடந்து வந்தார். “முன்னால போறவன் எப்படியும் போய்ச் சேந்துருவான் சாமி. பின்னால நிக்கிறவங்களக் கூட்டிட்டுப் போகத்தான நாம இருக்கோம்” என்றார். மற்றவற்றை அவர் சொல்லவில்லை, நானாகப் பார்த்துக்கொண்டேன். வெறுங்காலோடு வருகிறவர்கள் பகலில் தார்ச்சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே நடந்தார்கள். வெள்ளை சூட்டைக் குறைவாக வாங்கும். எங்கே தங்குவது என்பதைக் கோயிலோ நிழலோ முடிவு செய்யவில்லை. பெண்கள் ஒதுங்க எங்கே வசதி இருக்கிறது என்பதுதான் முடிவு செய்தது.

அதன் பிறகு என் நடை மாறியது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வெள்ளி முளைத்ததும் கிளம்பிவிடுவோம். வழி தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் முன்னால் போவான், நான் கடைசி. வரப்பில் இறங்குமுன் தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொள்வோம். உழுத மண்ணில் சிப்பித் துண்டோ அறுத்த சங்கோ கண்ணில் பட்டால் குனிந்து பார்க்கலாம், எடுத்துப் பையில் போடக்கூடாது. நிறுத்தம் ஒன்றுக்குக் கதையும் ஒன்றே.

முக்காணியில் நின்று வடக்கே பழையகாயல் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவேன். கொற்கையில் மண் மேடிட்டதும் துறைமுகம் அங்கே போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் அது. ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்து நின்ற துறை. அதுவும் தூர்ந்தது. பாலத்தைக் கடந்தால் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்ததும் பேச்சு தானாக அடங்கிவிடும். உள்ளே அவ்வளவு குளிர்ச்சி. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு கரை உடைத்து, இந்த வட்டாரத்து வாழையும் கொடிக்காலும் தண்ணீருக்குள் போயின. இங்கே நான் எதையும் விளக்குவதில்லை. தண்ணீர் எதுவரை நின்றது என்று கொடிக்காலில் வேலை செய்கிறவர்களே நெஞ்சில் கை வைத்துக் காட்டுவார்கள்.

சேர்ந்தபூமங்கலத்தில் நவகைலாயத்தின் கடைசிக் கோயில். ஆற்றோடு மேலிருந்து வரும் ஒன்பது சிவன் கோயில் வரிசை இங்கே முடிகிறது. அதற்கப்பால் காற்றில் உப்பு. பிறகு புன்னைக்காயல். காயல் தூர்ந்ததும் துறைமுகம் இங்கே வந்தது. அண்டிரிக் அடிகளார் 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற தமிழ் நூலை அச்சிட்ட ஊர், இன்று வள்ளமும் வலையுமாகக் கிடக்கிறது. பெரிய கப்பல்களுக்கு இங்கும் ஆழம் போதாமல், துறைமுகம் தூத்துக்குடியில் நிலைத்தது. 1906இல் வ.உ.சி. கொழும்புக்குக் கப்பல் விட்டதும் 1974இல் புதிய துறைமுகம் வந்ததும் அங்கேதான். இவ்வளவுக்கும் முத்துப் பார்கள் கடலுக்கடியில் இருந்த இடத்திலேயே இருந்தன. 1961இல் கடைசியாக முத்துக் குளித்தபோதும் அதே பார்கள்தான். துறைதான் ஊர் ஊராக மாறி வந்திருக்கிறது. காரில் வந்தால் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்ற மூன்று ஊரும் மூன்று பெயர்ப்பலகைகளாகக் கடந்து போகும். நடந்து வந்தவருக்கு ஒரே துறைமுகம் மூன்று இடத்தில் இருந்தது என்பது முழங்கால் வலியில் தெரியும்.

ஆறு கடலில் சேரும் மணல்திட்டில் நடை முடியும். சென்ற தடவை கடைசியாக வந்து சேர்ந்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி. முன்னால் போனவர்கள் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சி மட்டும் மணலில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

“எய்யா, இந்த வருசத்து அஞ்சு அடி எங்க?”

இத்தனை நடையில் யாரும் கேட்காத கேள்வி. ஆறு இப்போது அந்தக் கணக்கில் மண் கொண்டுவருவதில்லை. மேலே அணைகளில் வண்டல் தங்கிவிடுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலும் மேடிட்டுக் கிடக்கிறது. மேற்கே கையைக் காட்டிச் சொன்னேன்: “ஸ்ரீவைகுண்டத்துல கெடக்கு, ஆச்சி.”

தூக்குவாளியைத் திறந்து மோர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அங்கயும் ஒரு நாள் நடக்கணும்லா” என்றார்.

இந்தத் தையில் அணைக்கட்டிலிருந்து தொடங்கினோம். ஆச்சி கடைசியில் நடந்தார், அவருக்குப் பின்னால் நான்.