நடுச்சுவர்

ஜீப்பின் பானெட்டில் வரைபடம் விரிந்து கிடக்கிறது. காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் மணற்கல் சில்லுகள். ஜோத்பூரை ஒட்டிய சூர்சாகர் பக்கத்துக் குவாரி. 1929இல் தொடங்கி 1943இல் முடித்த உமைத் பவன் அரண்மனையும் இந்த ஊர்க் கல்தான்.

குவாரி முதலாளி சேட் பக்கத்துக் குழியையும் வாங்கிவிட்டார். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். குத்தகை எல்லையை ஒட்டி 7.5 மீட்டரைத் தோண்டாமல் விட வேண்டும். இவர் பக்கம் 7.5, அவர் பக்கம் 7.5. ஆக, நடுவில் 15 மீட்டர் கனத்தில் ஒரு சுவர் நிற்கிறது. அத்தனையும் நல்ல கல். சுரங்கத் துறைக்கும் சுற்றுச்சூழல் அனுமதிக்கும் போக வேண்டிய காகிதக் கட்டு ஜீப்புக்குள் இருக்கிறது. அதில் பக்கம் பக்கமாக என்னென்னவோ எழுதியிருந்தாலும் எல்லாம் இந்தச் சுவருக்காகத்தான்.

சர்வேயர் இளைஞர். முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து எண் சொல்கிறார். ஓர் ஆள் கம்பைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுகிறான். மிஸ்திரி இந்தப் பக்கமே திரும்பவில்லை. குழிக்குள் இறங்கிச் சுவரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறார். கணீரென்றால் அடுத்த இடம். ஓரிடத்தில் சத்தம் மந்தமாக விழுகிறது. நின்று, விரலால் தடவி, சுண்ணாம்புக் கட்டியால் மேலிருந்து கீழாகக் கோடு இழுக்கிறார். வெடிப்பு.

"சேட்ஜி, வடக்கேயிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இங்கேயிருந்து போனா பாதி வேலையை வெடிப்பே பார்த்துரும்."

படத்தில் அம்புக்குறி வடக்கிலிருந்துதான் வருகிறது. சர்வேயர் ரப்பரைத் தேடுகிறார்.

குழியின் மறுகோடியில் வேலை நிற்கவில்லை. இது படுக்கை படுக்கையாகப் படிந்த கல். 50 கோடி ஆண்டுக்கும் பழையது. சில பாளங்களின் முதுகில் அன்றைய தண்ணீர் மணலில் போட்ட வரிகள் அழியாமல் இருக்கின்றன. பலமாக வெடி வைத்தால் பாளம் மிஞ்சாது, ஜல்லிதான் மிஞ்சும். அதனால் ஜாக்ஹாமரால் நேர்கோட்டில் சாணுக்கொரு துளை. ஒவ்வொரு துளையிலும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள், அவற்றுக்கு நடுவே ஆப்பு. சம்மட்டிக்காரர் எந்த ஆப்பையும் ஒரேயடியாக இறக்குவதில்லை. முதல் ஆப்புக்கு ஓர் அடி, அடுத்ததற்கு ஓர் அடி, கடைசிவரை போய் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலி கூர்மையாகிக்கொண்டே வருகிறது. பிறகு சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைக்கிறார். பாதி பீடியில், துளைகளை இணைத்து மயிரிழையாக ஒரு கோடு ஓடுகிறது. இனி கடப்பாரை போதும். படுக்கை தானாக விடும்.

சேட் கைப்பேசியில் ரம்ப இயந்திரத்தின் படம் காட்டுகிறார். தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே கல்லை அறுக்கும். சேதாரம் குறைவு, ஓரம் நேராக வரும்.

"தண்ணி?" என்கிறார் மிஸ்திரி.

சேட் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

தண்ணீர் ரம்பத்துக்கு மட்டுமா வேண்டும்? ஜாக்ஹாமர் பிடித்திருப்பவனின் இமை, புருவம், மூக்கைச் சுற்றிய துண்டு எல்லாம் மாவாய் வெளுத்திருக்கின்றன. குவார்ட்ஸ் தூள். நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சிலிகோசிஸ் என்று சான்று கிடைத்தால் 3 லட்சம், இறந்துபோனால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று 2019இல் ராஜஸ்தான் அரசு கொள்கையே வகுத்திருக்கிறது. துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி அடங்கும். காகிதக் கட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வரைபடத்தில் பாதை, எடைமேடை, அலுவலகம், மரம் நடும் வரிசைகூட இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு புள்ளியும் இல்லை.

ஆழமாகப் போனால் என்ன என்று சர்வேயர் கேட்கிறார். மிஸ்திரி தூரத்தில் தெரியும் மெஹ்ரான்கர் கோட்டையைக் காட்டுகிறார். அது நிற்கும் எரிமலைப் பாறைதான் இங்கே மணற்கல்லுக்கும் அடியில் கிடக்கிறது. பாளம் வேண்டுமென்றால் பக்கவாட்டில்தான் போக வேண்டும்.

பக்கவாட்டில் சுவர். சுவரின் தலையிலோ இரண்டு குழிக்காரர்களும் ஆண்டுக்கணக்காகக் கொட்டிய கழிவு, தனிக் குன்றாக. உடைசல், மண், விலைபோகாத துண்டு. படத்தில் அது வெறும் பச்சைக் கோடு.

"புதுக் குழியோட தென்மூலையில தள்ளிடலாம்" என்கிறார் சேட்.

"அதுக்குக் கீழே இன்னும் ரெண்டு படுக்கை இருக்கு சேட்ஜி. மூடிட்டா போச்சு."

"சரி, முதல்ல அதை எடு."

"எடுத்து, குழியை நிரப்பி, அப்புறம்தான் மேடு. மேடு போனப்புறம்தான் சுவர்."

"அப்போ ரம்பம்?"

மிஸ்திரி பதில் சொல்லவில்லை. ஹிட்டாச்சி ஓட்டுகிறவர் மேட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்.

"மணிக்கணக்கா, நடைக்கணக்கா?"

"நடைக்கணக்கு."

"அப்போ டீசல் உங்க பொறுப்பு."