ஓசை கொடுத்த நாயகி

சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவில், கைகளால் தாளமிட்டுப் பாடிய ஞானசம்பந்தக் குழந்தைக்குக் கை நோகுமே என்று இறைவன் பொற்றாளம் அருளினார். பொன்னில் நாதம் எழவில்லை. அன்னை அதற்கு ஓசை தந்தாள். ‘ஓசை கொடுத்த நாயகி’ ஆனாள்.

நெய்வேலி நகரியத்தில் மகனுடன் வாழும் ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளர் ஒருவருக்கு இவ்வரலாற்றின் பொருள் அண்மையில் விளங்கியது. விடியற்காலையில் தேவாரமும் வீணையும் கேட்பது அவர் மனைவியின் வழக்கம். எழுபதைக் கடந்தபின் அம்மையாருக்குச் செவி மந்தமாயிற்று. இயந்திர இரைச்சலிடையே பணியாற்றிய கணவரோ, உரத்த ஒலியே தெளிந்த ஒலி என்று எண்ணினார். பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டை வாங்கிக் கூடத்தின் மூலைகளில் நிறுத்தினார். மிருதங்கத்தின் தொப்பி முழங்கிற்று. “சத்தம் கேக்குதுங்க, சொல்லுதான் புரியலை” என்றார் அம்மையார்.

முதுமையில் முதலில் மங்குவன சொற்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய உயர்சுருதி ஒலிகள். அறையின் மூலையோ தாழ்ந்த ஒலிகளையே பெருக்கும்.

கடைக்காரர் மாற்றித்தர இசைந்தார். இம்முறை அம்மையாரும் உடன் சென்றார். மனப்பாடமான பதிகமாயின் நினைவே செவிக்கு உதவிவிடும். ஆதலால் அவர் அதிகம் கேட்டிராத பதிகமொன்றை ஒவ்வொரு பெருக்கியிலும் ஒலிக்கச் செய்தனர். அவர் தேர்ந்தது சிறிய இணை. அதனைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, அமர்ந்தவரின் செவி உயரத்தில் முக்காலிகள்மேல் வைத்தனர். ஒலியைக் குறைத்தும் சொல் தெளிவாயிற்று. மறுநாள் விடியலில் ஓதுவாரோடு அம்மையாரும் பாடினார்.

பொற்றாளம் வாங்கிவிடலாம், கேட்பவரின் செவியை அறிந்தாலன்றி அதில் ஓசை பிறவாது.