பக்கத்து வீட்டுக்குக் கேட்காத கிட்டார்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவது செலவின் பாதி மட்டும்தான். மற்றப் பாதியைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. கிட்டாரை வீட்டுக்குக் கொண்டு வந்து மீட்டிப் பார்த்தால் றப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கம்பிகளுக்குக் கீழே இருக்கிற பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும். மேலே கம்பி அதிர, அதற்குள் ஒரு சின்ன மின் சமிக்ஞை உண்டாகும். அதைக் காதுக்குக் கேட்கச் செய்ய ஆம்ப்ளிஃபயர் வேணும். நாங்கள் பாட்டுகளில் கேட்டு ஆசைப்பட்ட கரகரப்பு, எதிரொலி, அலையலையாக வருகிற மினுக்கம் எல்லாத்துக்கும் தனித்தனிப் பெடல் வேணும். டிஸ்டோர்ஷன் ஒன்று, டிலே ஒன்று, கோரஸ் ஒன்று, சுருதி பார்க்க டியூனர் ஒன்று என்று எழுதிக் கூட்டினால் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும்.

இந்த இடத்தில்தான் மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடல் உதவிக்கு வருகிறது. அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கிட்டாரிலிருந்து வருகிற சமிக்ஞையை இலக்கங்களாக மாற்றி, அதில் கணக்குப் போட்டு, திரும்பவும் சத்தமாக்கித் தருகிறது. நான் ஒரு வருஷமாகப் பாவிப்பது ஸூம் என்ற ஜப்பான் கம்பனியின் ஜி1 ஃபோர். இதே பெட்டியோடு காலால் அழுத்துகிற மிதியும் சேர்த்து வருவது ஜி1எக்ஸ் ஃபோர். ஒரே நேரத்தில் ஐந்து எஃபெக்ட்களை வரிசையாகக் கோர்க்கலாம். 60 எஃபெக்ட்களுக்குக் குறையாமல் உள்ளே இருக்கு. அதோடு பெயர்பெற்ற ஆம்ப்களின் சத்தத்தைப் போல செய்யும் 13 மாடல்கள், 68 தாளங்கள், 30 செக்கன் வரை பதிந்து சுழல விடும் லூப்பர், டியூனர் என்று எல்லாம் ஒரு புத்தகம் அளவு பெட்டிக்குள்.

வெளிநாட்டில் இது 100 டொலருக்கு உள்ளே கிடைக்கிற சாமான். அங்கே "மலிவு" என்று எழுதுவார்கள். இங்கே டொலரை 300 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் 30,000 ரூபாய்க்குக் கிட்ட வருகிறது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதைப் பார்த்த வயசு நாங்கள். மஹாபொல உதவித்தொகை 5,000இலிருந்து 7,500 ஆக்கப்பட்டது 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் புதுப் பெடல் ஒன்று நாலு மாத மஹாபொல. போக்குவரத்து, போட்டோகொப்பி, சாப்பாடு எதுவும் இல்லாமல். அதனால் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதனால்தான் இந்தச் சாமானை "வாங்கலாமா" என்று கேட்பவருக்குச் சும்மா "சூப்பர்" என்று பதில் சொல்ல எனக்கு மனசு வராது.

யூடியூப்பில் இதைப் பற்றிய வீடியோ எத்தனையோ இருக்கு. அநேகமாக எல்லாம் நாலு பக்கமும் ஸ்பொஞ்ச் ஒட்டின அறையில் எடுத்தவை. கிராண்ட்பாஸில் எங்கள் வீடு ஒரு தோட்டத்துக்குள் இருக்கு. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை, கொழும்பு ஆக்களுக்கு விளங்கும். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் அந்தப் பக்கம் எத்தனை விசில் என்று எண்ணலாம். ஒரு பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, மற்றப் பக்கத்தில் இரவு வேலைக்குப் போய் பகலில் தூங்குகிற அண்ணா. எனக்கு வாசிக்கக் கிடைக்கிற நேரம் இரவு பத்து மணிக்குப் பிறகு. இப்படியான வீட்டில் 10 வொட் ஆம்ப் கூட ஒரு சண்டைக்குப் போதும். ஆகவே பெடலிடம் நான் கேட்ட முதல் கேள்வி: சத்தமே போடாமல் வாசிக்க விடுவியா?

விடுகிறது. இதன் அவுட்புட்டிலேயே ஹெட்போன் மாட்டலாம். ஒன்று கவனிக்க வேணும்: அந்தத் துளை பெரியது, 6.3 மில்லிமீட்டர். போனில் பாவிக்கிற ஹெட்போனின் 3.5 மில்லிமீட்டர் முனையை மாட்ட ஒரு சின்ன கொன்வேட்டர் வேணும். புறக்கோட்டையில் எந்த எலக்ட்ரோனிக் கடையிலும் கிடைக்கும். ஓக்ஸ் துளையில் போனை இணைத்தால் பாட்டும் கிட்டாரும் ஒன்றாகக் காதுக்குள் வரும். முதல் நாள் இரவு நான் ஹெட்போனோடு இருப்பதைப் பார்த்து அம்மா கேட்டது: "ஏன் மகள், இவ்வளவு காசு குடுத்தும் சத்தம் வரல்லயே?"

ஹெட்போனில் கேட்கிற சத்தம் நல்லா இருக்கா என்பது அடுத்த விசயம். இதில் ஒரு சின்ன விஞ்ஞானம் இருக்கு. டிஸ்டோர்ஷன் என்பது சமிக்ஞையின் தலையையும் காலையும் வெட்டி விடுவது. அப்படி வெட்டும்போது மேல் சுரங்கள் ஏராளமாகப் பிறக்கும். கிட்டார் ஆம்பில் இருக்கிற பெரிய ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே போகிறதை எல்லாம் அநேகமாகத் தானே விழுங்கிவிடும். ஹெட்போன் விழுங்காது. அதனால் வெறும் டிஸ்டோர்ஷனை மட்டும் போட்டு ஹெட்போனில் கேட்டால் போத்தலுக்குள் மாட்டின வண்டு மாதிரி இருக்கும். "மலிவுப் பெடல் எல்லாம் இப்படித்தான்" என்று ஆக்கள் கைவிடுவது இந்த இடத்தில். ஐந்து எஃபெக்ட்களில் ஒன்றை ஆம்ப் மாடலுக்கு என்று ஒதுக்கி, கெய்னைப் பாதிக்குக் குறைத்து, ட்ரெபிளையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று மனுசத்தன்மைக்கு வரும்.

உள்ளே ஏற்கனவே செய்து வைத்திருக்கிற சத்தங்களைப் பற்றியும் சொல்ல வேணும். அவை கடையில் ஒரு நிமிசத்தில் ஆளை மயக்கச் செய்தவை. எல்லாத்திலும் ரிவேர்ப் கூட, டிலே கூட. நான் நாலே நாலு சத்தம் செய்து வைத்திருக்கிறேன்: ஒன்றுமே போடாத கிளீன், கோரஸ் போட்ட கிளீன், லேசான கரகரப்பு, லீட் வாசிக்க ஒன்று. இரண்டே இரண்டு கால் சுவிட்ச்தான் இருப்பதால் ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு வரிசையாகத்தான் போகலாம். முதலாவதிலிருந்து நாலாவதுக்குப் பாய ஏலாது. அதனால் பாட்டில் வருகிற ஒழுங்கிலேயே அடுக்கி வைப்பது நல்லம். வைத்த பிறகு சுவிட்சைக் குனிந்து பார்க்கத் தேவையில்லை.

கரண்ட் விசயம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அதற்குப் பிறகு எந்தச் சாமானை எடுத்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது பெற்றரியில் ஓடுமா என்று. இது நாலு பென் டோர்ச் பெற்றரியில் 18 மணித்தியாலம் வரை ஓடும் என்று கம்பனி சொல்கிறது. இதோடு ஒப்பிடப்படும் பொஸ் ஜிடி-1உம் நாலு பெற்றரியில்தான் ஓடுகிறது, ஆனால் 7 மணித்தியாலம் அளவில்தான். ஜிடி-1ஐ யூ.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் மாட்டி நேரடியாக ரெக்கோர்ட் பண்ணலாம், ஜி1 ஃபோரில் அது ஏலாது. அதன் யூ.எஸ்.பி. சத்தங்களை மாற்றி அமைக்கத்தான். வீட்டில் பாட்டுப் பதிவு செய்து போடுவதுதான் உங்கள் திட்டம் என்றால் இந்தக் குறை சின்னதில்லை.

பெற்றரிக்கு இன்னொரு நன்மையும் இருக்கு. பழைய வயரிங், எர்த் ஒழுங்காக இல்லாத வீடுகளில் அடப்டரை மாட்டினால் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் பின்னாலேயே வரும். பெற்றரியில் அதில் பெரும் பகுதி போய்விடும். மிச்சம் இருப்பது டியூப் லைட்டிலிருந்தும் போன் சார்ஜரிலிருந்தும் பிக்கப் பிடிக்கிறது. உடம்பைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தால் குறையும். அடப்டர் வாங்குவதென்றால் 9 வோல்ட், அதோடு முனையின் நடுப்பகுதி நெகட்டிவ். வீதியோரம் விற்கிற 9 வோல்ட் அடப்டர்கள் பல நடுப்பகுதி பொசிட்டிவ். அடப்டரின் முதுகில் ஒரு சின்னப் படம் அச்சடித்திருக்கும். அதைப் பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

இதெல்லாம் பெட்டியைப் பற்றியது. அது கைக்கு என்ன செய்கிறது என்பது வேற. டிஸ்டோர்ஷனும் ரிவேர்பும் பொய் சொல்லும். மெல்லத் தட்டினதும் பலமாகத் தட்டினதும் ஒரே அளவாகக் கேட்கும். விட்ட சுரத்தின் இடத்தை எதிரொலி நிரப்பிவிடும். பத்து நிமிசத்தில் பெரிய ஆள் ஆன மாதிரி இருக்கும். இதே பெட்டிக்குள் உண்மை சொல்கிற சாமானும் இருக்கு: கிளீன் சத்தம், மெட்ரோனோம், லூப்பர். எட்டு பார் ஸ்ட்ரம்மிங்கைப் பதிந்து சுழல விட்டால், நாம் எந்த இடத்தில் ஓடுகிறோம், எந்த இடத்தில் பிந்துகிறோம் என்று அதுவே திரும்பத் திரும்பச் சொல்லும். கிட்டார் டீச்சருக்கு மாதாமாதம் காசு குடுக்க ஏலாத ஆளுக்கு, இந்த 60 எஃபெக்ட்களைவிட அந்த 30 செக்கன் பெறுமதி.

68 தாளங்களில் பைலா இல்லை. ரொக், மெட்டல், ஃபங்க், ஜாஸ் எல்லாம் இருக்கு. கொழும்பில் ஒரு கல்யாண வீட்டில் கிட்டார் வாசிக்கிற ஆளுக்கு முதலில் தேவைப்படுவது மட்டும் இல்லை. நான் செய்வது இப்படி: இடது கையால் கம்பிகளை மெல்ல அமத்திப் பிடித்து, வலது கையால் ஆறு எண்ணிக்கைத் தாளத்தை "சிக் சிக்" என்று அடித்து லூப்பரில் பதிவது. செக்கனுக்கு ஒரு பார் என்ற வேகத்தில் 16 பார் 16 செக்கன்தான், 30க்குள் தாராளமாக அடங்கும். அதற்கு மேலே கோர்ட் வாசிக்கலாம்.

பைலா என்ற பேரே ஆடுவது என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. கூடியிருந்து, கைதட்டி, மேசையில் தாளம் போட்டு வளர்ந்த இசை அது. கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்குள் எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டு வந்ததும், நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாடி ஊரெல்லாம் ஆட வைத்ததும் முன்னால் ஆக்கள் இருந்ததால்தான். ஹெட்போனுக்குள் அந்த ஆக்கள் இல்லை.

இதை நான் யோசித்தது பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்ட ஒரு கேள்வியால். தண்ணிப் பைப்படியில் நின்று கேட்டார், "மகள், இப்ப கிட்டார் வாசிக்கிறல்லயா? சத்தமே கேக்கல்ல." பெடல் வாங்க முதல் நான் சும்மா, ஆம்ப் இல்லாமல், ஒரு பழைய அகூஸ்டிக்கில் பின்னேரங்களில் வாசிப்பேன். தொல்லை என்று அவர் நினைக்கிறார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். "வாசிக்கிறன் ஆன்ட்டி, காதுக்குள்ள" என்றேன். "அப்ப எங்களுக்கு எப்பிடிக் கேக்கிற?" என்றார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இந்தப் பெட்டி எனக்கு ஓர் அறையைத் தந்தது. இரண்டு அறை வீட்டில், இரவில், யாரையும் எழுப்பாமல், பிழை விட்டு விட்டுத் திரும்ப வாசிக்க ஓர் அறை. பொம்பிளப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிற ஆக்களுக்கும் கேட்காத அறை. அதற்காக நாலு மாத மஹாபொல குடுக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அந்த அறைக்குக் கதவும் இருக்க வேணும். ஜி1 ஃபோரை மேடையில் மிக்சரில் நேரடியாக மாட்டலாம், ஆம்ப் தேவையில்லை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் சின்னக் கல்யாண வீடுகளில் வாசிக்கிற பிள்ளைகள் பலர் இப்படித்தான் பையில் ஒரு பெட்டியும் ஒரு வயரும் மட்டும் கொண்டு பஸ்ஸில் போய் வருகிறார்கள். பெடலை வாங்குகிற நாளிலேயே யாரோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றும் தேடத் தொடங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்களுக்கு: உங்கள் கிட்டாரையும் ஹெட்போனையும் நாலு புதுப் பெற்றரியையும் கொண்டு போங்கள். பெற்றரி மூடியைத் திறந்து பச்சைத் துரு இருக்கா என்று பாருங்கள். வயரை மாட்டி மெல்ல ஆட்டும்போது "கர்" என்று சத்தம் வந்தால் ஜாக் தளர்ந்திருக்கு. இரண்டு சுவிட்சையும் இருபது தரம் காலால் மிதித்துப் பாருங்கள், கையால் அமத்திப் பார்ப்பது போதாது. விற்கிறவர் அவசரப்படுத்தினால் வாங்காமல் வாருங்கள், இன்னொன்று வரும்.

எனக்கு இப்போது ஒரு நண்பியின் சேர்ச்சில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் இடம் தருகிறார்கள். கீபோர்ட், கஹோன், நான். வருகிற மாதம் எங்கள் தோட்டத்தில் ஒரு பிறந்தநாள் வீடு இருக்கு. ஆன்ட்டியின் பேரனுக்கு ஒரு வயசு. மூன்று பாட்டு வாசிக்கச் சொல்லி ஆன்ட்டியே கேட்டிருக்கிறார், ஒன்று கட்டாயம் பைலாவாம். அதற்குக் கிளீன் சத்தம் மட்டும் போதும். மிச்ச மூன்றையும் அன்றைக்குத் தொடப் போவதில்லை.