ஏழு வாசலும் ஒரு லைனும்

எங்கள் லைன் வீட்டில் மொத்தம் ஏழு வாசல். திருப்பூருக்கு வெளியே, அப்போது சோளக்காடாக இருந்த இடத்தில், ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஏழு குடித்தனம். ஆளுக்கு ஒரு முன்னறை, ஒரு சமையலறை. பொதுவில் ஒரு குழாய், இரண்டு குளியலறை, துவைக்கிற கல் ஒன்று. இதையே மதுரைக்காரர்கள் காம்பவுண்டு வீடு என்பார்கள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் ஸ்டோர் வீடு. சென்னையில் ஒண்டுக் குடித்தனம். கொங்கு நாட்டில் லைன் வீடு. ஆறாம் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, இதற்கு ஆங்கிலத்தில் லைன் என்று பெயர் என்றபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. லைன் என்றால் வீடு. அதில் நான் குடியிருக்கிறேன். அது எப்படிக் கோடாக முடியும்?

அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். வாசலுக்கு வாசல் அதன் பொருள் மாறியது.

முதல் வீட்டுத் தாத்தா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சி–திண்டுக்கல் மீட்டர்கேஜ் பாதையில் வேலை பார்த்தவர். ஒற்றைத் தண்டவாளம், இரண்டு பக்கமிருந்தும் வண்டி வரும். அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான் டோக்கன் கருவியிலிருந்து டோக்கன் வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இரு முனையிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. வளையத்தில் மாட்டிய அந்த டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார். எத்தனையோ உயிர்கள் அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பயணம் செய்தன என்று தாத்தா சொல்லும்போது அவர் குரலில் இருந்த மரியாதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்களுக்கு அது குளியலறை காலி என்று அறிவிக்கும் சொல்லாகி, காலை நேரத்தில் ஏழு வாசலுக்கும் கேட்டது.

நான்காம் வீட்டு அண்ணன் எலக்ட்ரீஷியன். இரண்டு கம்பியில் டெஸ்டர் வைத்தால் விளக்கு எரிகிற கம்பிதான் அவருக்கு லைன், மற்றது நியூட்ரல். அவர் தம்பி பிஸ்கட் ஏஜென்சியில் இருந்தார். அவருக்குத் திங்கட்கிழமை அவிநாசி லைன், செவ்வாய்க்கிழமை பல்லடம் லைன். வாரக்கடன் வசூலிக்க வருகிறவரும் லைனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். ஐந்தாம் வீட்டு அண்ணன் நாமக்கல் பக்கம் ஒரு லாரியில் டிரைவர். உள்ளூர் லோடு எல்லாம் அவர் கணக்கில் வேலையே இல்லை. நாக்பூர், இந்தூர் என்று வடக்கே இருபது நாள் ஓடினால் அதற்குப் பெயர் லைன். இவற்றில் பாதியை ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால் அவருக்கு விளங்குமா என்பது சந்தேகம்தான். நம் ஆட்கள் சொல்லைக் கடன் வாங்கியதோடு நிற்கவில்லை, அதில் பயிரும் வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் வீட்டு அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைத்தார். அங்கே லைன் என்பது மெஷின்களின் வரிசை. ஒருவர் தோள் சேர்ப்பார், அடுத்தவர் கழுத்துப்பட்டி வைப்பார், அதற்கடுத்தவர் கை ஏற்றுவார், கடைசியில் ஒருவர் அடி மடித்துத் தைப்பார். நடுவில் ஒரு மெஷினில் ஊசி முறிந்தால் அதற்கு முன்னால் துணி மலைபோலக் குவியும், பின்னால் இருப்பவர்கள் கை சும்மா இருக்கும். அதனால் அக்கா தண்ணீர்கூட அளந்துதான் குடிப்பார். நான் எழுந்தால் லைன் நின்னுரும் கண்ணு என்பார். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். இரவு அவர் வந்து திண்ணையில் உட்காரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஈரத் துண்டால் துடைத்தால் போகாது. ஒவ்வொரு இழையாக விரலால் எடுக்க வேண்டும். அவர் மகள் மடியில் ஏறி அதை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பல வருடம் கழித்து அகராதியில் இந்தச் சொல்லின் வேரைத் தேடியபோது அந்த இழைதான் கண்முன் வந்தது. லத்தீனில் ஆளிச் செடிக்கு லீனும் என்று பெயர். அதன் தண்டிலிருந்து உரித்த நாரில் திரித்த கயிறு லீனியா. அதிலிருந்துதான் லைன். கோடு என்கிற பொருள் பிறகு வந்தது. முதலில் இருந்தது கையில் பிடிக்கிற நூல். ஆளி நாரில் நெய்த துணி லினன். சட்டைக்கு உள்பக்கம் அந்தத் துணியை வைத்துத் தைத்ததால் லைனிங். ஜாக்கெட்டுக்கு லைனிங் வைக்கணுமா, சாதாவா என்று நம் ஊர் தையல்காரர் கேட்கிறாரே, அவர் அறியாமலே அந்தச் சொல்லின் பிறந்த வீட்டு வாசலில் நிற்கிறார்.

நம்மிடமும் இதே கதை உண்டு என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கொத்தனார் சுவர் எழுப்பும்போது இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுவார். நூல் பிடித்த மாதிரி என்று பேச்சில் சொல்வது அதிலிருந்துதான். ஆசாரிக்கும் பிளம்பருக்கும் நூல் ஓர் அளவு: அங்குலத்தில் எட்டில் ஒன்று. படிக்கிறவனுக்கு நூல் என்றால் புத்தகம். ரோமாபுரிக்காரனும் நம் முன்னோனும் நேராக ஒன்றைக் காட்ட வேண்டியபோது ஒரே பொருளைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால்தான் நூல் நேராக நிற்கும்.

ஆனால் ஒரே ஒருவர் மட்டும் இழுத்த லைன்களும் இருக்கின்றன. என் பத்திரிகை வேலையில் நாளைக்குப் பத்து முறை சொல்கிற டெட்லைன் அப்படி ஒன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்குச் சில அடி உள்ளே தாழ்வாக ஒரு மரவேலி போட்டார்கள். அதைத் தொட்டால், தாண்டினால், காவல் கோபுரத்திலிருந்து சுடுவார்கள். அதன் பெயர் டெட்லைன். சுமார் 45,000 பேர் அடைக்கப்பட்ட அந்த முகாமில் ஏறக்குறைய 13,000 பேர் பசியாலும் நோயாலும் செத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கெடுவுக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது பின்னால், இருபதாம் நூற்றாண்டில். இது தெரிந்த பிறகு என்னால் அதை விளையாட்டாகச் சொல்ல முடிவதில்லை. கெடு என்கிறேன்.

இன்னொன்று மலையில் இருக்கிறது. இலங்கையின் மலையகத்துக்கு நம் ஊர்களிலிருந்து முதலில் காப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் அழைத்துப் போகப்பட்டவர்களுக்குத் துரைமார் கட்டிக் கொடுத்த குடியிருப்புக்கும் லைன் என்றுதான் பெயர். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, அதாவது அறை. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது தாழ்வாரம். பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசை. படை வீரர்களைத் தங்கவைக்கும் பாரக்ஸின் அச்சு அது. அந்த மக்கள் வாயில் லைன் என்பது லயன் ஆயிற்று, லயன் லயமாயிற்று. அறன் அறம் ஆவதும் நிலன் நிலம் ஆவதும் நம் மொழிக்குப் பழகிய வழி. அதே வழியில் இதுவும் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தாளத்தோடு இசைவதற்கும் லயம்தான் சொல். அந்தச் சுவர்களுக்குள் நான்கு ஐந்து தலைமுறை பிறந்து வாழ்ந்திருக்கிறது என்றால், அப்படி ஒரு பெயரை அவர்கள் உழைத்துச் சம்பாதித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

மூணாறிலும் லயம்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஏழு வாசல்தான் ஞாபகம் வந்தது. லைன் வீட்டில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தாளிக்கிற வாசமும் இருமலும் அந்தப் பக்கம் போகும். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் தனியாக நடக்காது.

ஐந்தாம் வீட்டு அக்காவுக்கும் அப்படித்தான் ஒரு நாள். லைனில் ஓனர் தாத்தா வீட்டில் மட்டும்தான் போன். மத்தியானம் வெயிலில் வேகமாக நடந்து வந்தவர், "அம்மிணி, உங்கூட்டுக்காரரு லைன்ல இருக்காரு" என்றார். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே, "ஆமாங்க, வெசாழக்கெழமையே போயிட்டாருங்க" என்றார். தாத்தா ஒரு நிமிடம் புரியாமல் நின்றுவிட்டு, "போன்ல அம்மிணி, போன்ல" என்று கத்தினார். முறத்தை அப்படியே போட்டுவிட்டு அக்கா செருப்பில்லாமல் ஓடினார். அவர் ரிசீவரை எடுப்பதற்குள் லைன் கட்டாகியிருந்தது.

மறுபடி கூப்பிடுவார் என்று அங்கேயே நடையில் உட்கார்ந்துவிட்டார். சோறு வைக்கவில்லை. மூன்று மணிக்கு முதல் வீட்டு ஆத்தா அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார். சிந்திய அரிசியை யாரோ பொறுக்கி முறத்தில் போட்டிருந்தார்கள். பொழுது சாயும்போது கம்பெனியிலிருந்து வந்த மூன்றாம் வீட்டு அக்கா, பஞ்சு ஒட்டிய முகத்தோடு நேரே ஓனர் வீட்டு நடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக ஏழு வாசலும் அங்கே சேர்ந்துவிட்டோம். இரவு எட்டேகாலுக்கு மணி அடித்தது.