பழுதைவிடப் பொல்லாத பழுதுபார்ப்பு

பொத்தானை அழுத்தியதும் உள்ளே மோட்டார் கடகடவென்று ஓடத் தொடங்குகிறது. எண் சக்கரங்கள் திரும்புகின்றன. ஆனால் ஓட்டம் நிற்பதாயில்லை. குண்டும் வெளியே வருவதாயில்லை. 1960களில் சிகாகோவில் செய்யப்பட்ட பின்பால் இயந்திரத்தை ஆசையோடு வாங்கி வீட்டில் வைக்கும் அமெரிக்கருக்குப் பல சமயம் கிடைக்கும் முதல் வரவேற்பு இதுதான்.

சாய்வான பலகை, மேலே கண்ணாடி, நடுவே எஃகுக் குண்டு. குண்டு கீழே விழாமல் தட்டிவிட இரண்டு சிறு கைகள். அவற்றுக்கு ஃப்ளிப்பர் என்று பெயர். 1947இல் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் அவை முதன்முதலாக வந்தன. அதற்கு முன் குண்டைச் செலுத்திவிட்டு, மேஜையைக் கொஞ்சம் தட்டிக் குலுக்கலாம், அவ்வளவுதான். அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் என்று முத்திரை குத்தி நியூயார்க் நகரம் 1942இல் இதைத் தடை செய்தது. மேயர் லா கார்டியா சம்மட்டியால் இயந்திரங்களை உடைத்தார். தடை நீங்க 1976 ஆயிற்று. அந்த ஆண்டு நகர மன்றத்தின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் ஆடிக் காட்டினார். ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு இயந்திரங்கள் கொண்டுவந்திருந்தார்கள். சந்தேகப்பட்ட உறுப்பினர் ஒருவர் இரண்டாவதில்தான் ஆட வேண்டும் என்றார். குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஷார்ப் அதைச் செலுத்தினார். சொன்னபடியே போனது.

அந்தக் காலத்து இயந்திரத்தில் சிப் கிடையாது. நினைவாற்றல் என்று ஒன்று இருந்தால் அது சக்கரம் நிற்கும் இடம்தான். முடிவெடுப்பவை ரிலேக்களும், மெல்லிய தகடுகளால் ஆன ஸ்விட்சுகளும். ஆகவே பழுதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம்.

ஓயாமல் ஓடும் அந்த மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆட்டம் தொடங்க எல்லா எண் சக்கரங்களும் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும். வரும்வரை இயந்திரம் விடாது. ஒரு சக்கரம் மட்டும் ஐந்திலோ ஏழிலோ அசையாமல் நின்றால், பெரும்பாலும் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். ஒரு சக்கரம் பூஜ்யத்தைத் தாண்டித் தாண்டிச் சுற்றினால், அதன் பூஜ்ய ஸ்விட்ச் திறக்கவில்லை என்று பொருள். மோட்டார்மீது குற்றமே இல்லை. அது சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஃப்ளிப்பர் சோர்ந்துபோவதும் இப்படித்தான். அதன் காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று ஓங்கி அடிக்க, மற்றது அடித்த கையை அப்படியே தாங்கிப் பிடிக்க. கை உச்சிக்குப் போனதும் ஒரு சிறு ஸ்விட்ச் திறந்து மின்னோட்டத்தைக் குறைக்கிறது. அந்த ஸ்விட்சில் அழுக்குப் படிந்தால் அடி வலுவிழக்கும். அது திறக்காமலே போனால் காயில் சூடேறிக் கருகும். விஷயம் தெரியாதவர் காயிலை மாற்றுவார். புதுக் காயிலும் அதே கதிக்கு ஆளாகும்.

அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று கனமான ஃபியூஸைப் போடுபவர்கள் இன்னொரு ரகம். ஃபியூஸ் காப்பாற்ற முயன்றதை அவர்கள் புகையாக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் முரட்டு உப்புத்தாளால் காண்டாக்ட் பாயின்டுகளைத் தேய்த்தே கரைத்துவிடுகிறார்கள். தகடுகளை வளைப்பவர்கள் செய்யும் சேதமும் குறைவல்ல. ஒரே அடுக்கில் மூன்று, நான்கு ஸ்விட்சுகள் இருக்கும். ஒன்றைச் சரிசெய்ய வளைத்தால் பக்கத்தில் இருப்பது விலகும். ஒரு பழுது போய் இரண்டு பழுது வரும்.

பழைய இயந்திரத்தில் மிகச் சிக்கலான பழுது காலம் செய்ததல்ல, முன்பு கைவைத்தவர் செய்தது. அழுக்கைத் துடைத்துவிடலாம். யாரோ ஒரு ஒயரை வெட்டி வேறிடத்தில் பற்றவைத்திருந்தால் மின்சுற்றுப் படம்கூட உதவாது. படம் சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று.

அதனால் அனுபவசாலிகளின் விதிகள் எளிமையானவை. உள்ளே கைவிடுமுன் பிளக்கைப் பிடுங்கு. முதலில் பார், பிறகு தொடு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். செய்ததும் ஓட்டிப் பார். சரியாகவில்லையா, பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டு அடுத்ததைத் தேடு.

1970களின் இறுதியில் சிப் வந்ததும் இந்தத் தகடுச் சாம்ராஜ்யம் சரிந்தது. பெரும் புள்ளியான வில்லியம்ஸ் நிறுவனம்கூட 1999இல் பின்பால் தயாரிப்பை மூடியது. ரிலேக்களால் ஓடும் அந்த ரகம் தொழிற்சாலையிலிருந்து இனி வரிசையாக வரப்போவதில்லை. இருப்பவற்றில் ஒன்று அவசரக்காரரின் கையில் சிக்கினால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். லா கார்டியாவின் சம்மட்டி கேமராவுக்கு முன்னால் செய்ததை ஒரு ஸ்க்ரூடிரைவர் ஓசையில்லாமல் செய்துவிடும்.