சார்ச்சுவில் ஒரு சோப்புக்கட்டி

(மணாலி – லே சாலையில்: 4)

பாரலாச்சா கணவாயில் தலைவலியோடு தேநீர் குடித்ததுடன் சென்ற பகுதியை நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து இறங்கும்போதே வண்டிக்குள் டீசல் வாடை. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. எதிரே வருவதில் பாதி லாரி, மீதி ராணுவ வண்டி. அந்த உயரத்தில் காற்றுப் போதாமல் எல்லாமே கரும்புகை கக்கிக்கொண்டுதான் ஏறுகின்றன. ஆனால் புகை நாற்றம் வேறு, பச்சை டீசல் வாடை வேறு. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினார், உள்ளே இழுத்துக்கொண்டார், பேசாமல் ஓட்டினார். கேலாங்கைச் சேர்ந்த ஐம்பது வயதுக்காரர். கேட்டால் ஒழியப் பேசமாட்டார்.

சார்ச்சு வந்ததும் கூடாரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். கூடாரத்துக்குள் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் நுழைந்தவர், "சார்ஜி, டேங்க்" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு தகரத் தொட்டிகளைக் கவிழ்த்து விளிம்போடு விளிம்பு சேர்த்தது போன்ற டேங்க். முன்மூலையில் கல் அடித்த சொட்டை. சிங்சிங்பார் பக்கம் ஓடையில் இறங்கி ஏறியபோது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது, அதுவாக இருக்கலாம். டீசல் சொட்டியதோ பின்பக்கம். சொட்டும் இடத்தில் ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடக்கூடாதாம். கசிவது விளிம்போடு ஓடி, தாழ்வான இடத்துக்குப் போய்த்தான் துளியாகும். துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, கூடாரக்காரப் பெண்மணியிடம் "ஆச்சே லே, ஒரு பிடி மாவு" என்று கேட்டு வாங்கினார். கோதுமை மாவை உள்ளங்கையில் வைத்து டேங்க்மேல் ஊதினார். வெள்ளையாகப் படிந்த மாவில், சொட்டைக்கு மேலே விளிம்பை ஒட்டி, நகநீளத்துக்கு ஒரு கருங்கோடு மெல்ல ஊறி எழுந்தது. அதுதான் விரிசல்.

இந்தச் சாலையைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தண்டியில் இருக்கும் பங்க்கைத் தெரிந்திருக்கும். சந்திராவும் பாகாவும் கலக்கும் இடம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பலகை வைத்திருப்பார்கள், எல்லோரும் அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். நாங்களும் எடுத்தோம். உண்மையில் லேவுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னாலேயே காருவில் பங்க் உண்டு. ஆனாலும் சார்ச்சுவிலிருந்து காரு இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் மூன்று கணவாய்கள்.

என் கவலையைப் பார்த்து ஓட்டுநரே கணக்குச் சொன்னார். டேங்க் 60 லிட்டர். விரிசல் பாதி உயரத்தில். எவ்வளவுதான் ஒழுகினாலும் அந்த மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும், கீழே 30 லிட்டர் தங்கும். இந்த மலையில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தாலும் காரு போய்விடலாம். பயம் அதில் இல்லை. குலுக்கலில் விரிசல் கீழ்நோக்கி நீண்டால்தான் ஆபத்து. டேங்க் வறண்டு குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், பிறகு டீசல் ஊற்றினாலும் வண்டி கிளம்பாது. காற்றை வெளியேற்ற ஹேண்ட் பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஐயாயிரம் மீட்டரில் அதைச் செய்து பார்த்திருக்கிறாராம். மேற்கொண்டு விவரிக்கவில்லை.

கூட வந்த மதுரை நண்பர் இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போலப் பையிலிருந்து எம்சீலை எடுத்தார். ஓட்டுநர் கையமர்த்தினார். "ஈரத்துல ஒட்டாது சார்ஜி. முதல்ல சோப்பு." பாத்திரம் தேய்க்க வைத்திருந்த மஞ்சள் சலவை சோப்பில் ஒரு துண்டு வாங்கி, விரலில் துளி தண்ணீர் தொட்டுக் களிபோலப் பிசைந்து, விரிசலுக்குள் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். சோப்பு தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. கசிந்துகொண்டிருக்கும்போதே அடைக்கும். குறை என்னவென்றால், அடுத்த ஓடையில் இறங்கினால் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். எம்சீலுக்கு வேலை அங்கேதான். சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைந்து சோப்பின்மேல் மூடினார். குளிரில் அது கல்லாக இருந்தது. பிசைவதற்கு முன் நண்பரின் அக்குளில் கால்மணி நேரம் வைத்திருக்க வேண்டியிருந்தது. நண்பருக்கும் ஒரு பங்கு கிடைத்த திருப்தி.

டீசல்தானே, பெட்ரோல் மாதிரி குப்பென்று பற்றாது என்று நான் சொன்னதை ஓட்டுநர் பாதிதான் ஒத்துக்கொண்டார். தட்டில் இருக்கும் டீசலில் தீக்குச்சியைப் போட்டால் பெரும்பாலும் குச்சிதான் அணையும். டீசல் ஊறிய துணி அப்படியில்லை, அது விளக்குத்திரி. துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினார். பிறகு திரும்ப நடந்துபோய், தார்ச்சாலையில் துளி விழுந்திருந்த வளைவில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு வந்தார். லேவுக்குப் போகிறவர்களில் பைக்காரர்கள் எத்தனை பேர்! இரவு முன்சக்கரங்களைக் கல்மேல் ஏற்றி, விரிசல் இருக்கும் மூலை உயர்ந்திருக்கும்படி வண்டியை நிறுத்தினார். அடியில் ஓர் அலுமினியப் பேசின். காலையில் பேசின் காய்ந்திருந்தது.

மறுநாள் வழியெல்லாம் எனக்கு மலையைப் பார்த்த நினைவைவிட டீசல் முள்ளைப் பார்த்த நினைவுதான் அதிகம். பிராந்தி நாலா என்று ஓர் ஓடை, அப்புறம் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், நக்கீ லா தாண்டினால் விஸ்கி நாலா. பெயர் வைத்தவர்கள் ரொம்பவும் தாகமாக இருந்திருக்க வேண்டும். வண்டி நின்றபோதெல்லாம் அவர் அடியில் கையை விட்டு, விரலை முகர்ந்துவிட்டு ஏறினார். பாங் என்ற இடத்தில் கூடாரக்காரர்கள் கேனில் டீசல் விற்கிறார்கள், சொல்வதுதான் விலை. பத்து லிட்டர் வாங்கினோம். ஆனால் டேங்கில் ஊற்றவிடவில்லை. மட்டம் விரிசலுக்கு மேலே ஏறிவிடுமாம். கேன் கேரியரில் கயிற்றுக்கட்டோடு டங்லாங் லா ஏறி, காருவரை திறக்கப்படாமலே வந்தது.

லேயில் பட்டறை மிஸ்திரி எம்சீலைத் தட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். உடனே வெல்டிங் வைத்துவிடலாமே என்றதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் மோசம், உள்ளே தங்கும் ஆவி பொறி பட்டால் வெடிக்கும். கழற்றி இறக்கி, சோடா போட்ட வெந்நீரில் பலமுறை அலசி, பற்றவைக்கும் இடத்தை மட்டும் விட்டு மீதியெல்லாம் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கை வைப்பாராம். இரண்டு நாளாகும்.

எங்களுக்கு நூப்ரா அனுமதி மறுநாள் காலைக்கு. ஓட்டுநரே டாக்ஸி ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், லடாக்கியில் பேரம் பேசி வேறொரு வண்டி பிடித்துக்கொடுத்தார். புது ஓட்டுநருக்கு இருபது வயதுக்குமேல் இருக்காது. பேச்சை நிறுத்துவதே இல்லை. அவரோடு கர்துங் லா ஏறிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)