வாக்குச் சீட்டும் சிறைக் கதவும்

குற்றம் செய்து தண்டனை பெற்றவனுக்கு வாக்குரிமை வேண்டுமா என்று சில ஆண்டுகளுக்கு முன் யாரேனும் என்னைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்று ஒரே சொல்லில் விடை கூறியிருப்பேன். காரணம் கேட்டிருந்தால் எங்கள் தெருச் சீட்டுக்காரரைச் சுட்டிக் காட்டியிருப்பேன்.

நாங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தவர்கள். காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்கு அருகே ஒரு சந்தில் குடியேறினோம். கன்னடம் தெரியாமலே காய்கறி வாங்கவும், கடன் கேட்கவும், சண்டை போடவும் கூடிய இடம் அது. அப்பா ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். அக்காவின் திருமணத்திற்கென்று மாதந்தோறும் சீட்டுக் கட்டினார். சீட்டு நடத்தியவரும் நம் ஊர்ப் பக்கத்து மனிதர்தாம், அதனால்தான் நம்பினோம். ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. எங்கள் பங்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். பிறகு அவர் பிடிபட்டார், வழக்கு நடந்தது, தண்டனை பெற்றுப் பரப்பன அக்ரகாரச் சிறையில் இருந்தார், திரும்பியும் வந்துவிட்டார். பணம் மட்டும் வரவில்லை. அக்காவின் திருமணம் இரண்டு ஆண்டு தள்ளிப் போயிற்று.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பெங்களூரில் நாடாளுமன்றத் தேர்தல். நாடாளுமன்றத்திற்கு நான் முதன்முதலாக வாக்களித்த நாள். பள்ளிக்கூட வாயிலில் வரிசையில் நின்றோம். அப்பாவுக்கு நான்கு பேர் முன்னால் வெள்ளைச் சட்டை அணிந்து அந்தச் சீட்டுக்காரர் நின்றார். எனக்கு இரத்தம் கொதித்தது.

“இவருக்கெல்லாம் ஓட்டா, அப்பா?” என்றேன், அவர் காதில் விழட்டும் என்றே.

“வெயில் ஏறுது, வரிசையைப் பாரு” என்றார் அப்பா. அவ்வளவுதான். சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போனார்; விரலில் மையுடன் வெளியே வந்தார்.

என் கோபம் அந்த ஒரு மனிதர் மேல் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு நடந்த வேறொன்றும் அப்போது என் நெஞ்சில் கிடந்தது.

எங்கள் சந்தின் முனையில் ஓர் அக்கா பூக்கட்டி விற்கிறார். அவருடைய மகன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவன். என்னைவிட ஒரு வயது இளையவன். அந்த ஆண்டு தை மாதத்தில் கைப்பேசி பறித்த வழக்கு ஒன்றில் நாலைந்து பையன்களோடு அவனையும் பிடித்துப் போனார்கள். அவன் செய்தானா இல்லையா என்பதை நான் அறியேன். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் ஜாமீனுக்கு நிற்கச் சொத்துப் பத்திரம் உள்ள ஆள் வேண்டுமே! வாடகை வீட்டில் பூக்கட்டுகிறவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பையன் உள்ளேயே இருந்தான்.

தேர்தலுக்கு முன் வீடு வீடாக வாக்காளர் சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா இரண்டு சீட்டுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கன்னடத்தில் அச்சிட்டிருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒன்று அவருடையது. மற்றொன்று மகனுடையது.

“தம்பி, ஞாயித்துக்கிழமை அவனைப் பார்க்கப் போறேன். இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அங்கேயே ஓட்டுப் போட்டுக்குவான் இல்லே?” என்று கேட்டார்.

“போடலாம் என்றுதான் நினைக்கிறேன் அக்கா, விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன். படித்தவன் என்ற நினைப்பு என்னை அப்படிச் சொல்ல வைத்தது.

அன்றிரவு சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62ஆம் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவு. தண்டனை பெற்றோ வேறு எக்காரணத்தாலோ சிறையில் அடைபட்டிருப்பவர் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கலாகாது. போலீசுக் காவலில் இருப்பவருக்கும் இதுவே விதி. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு மட்டும் விலக்கு உண்டு; அவருக்குத் தபால் வாக்கு. படித்த எனக்கே இருமுறை படிக்க வேண்டியிருந்தது. குற்றவாளியின் வாக்கைச் சட்டம் பறிக்கிறது என்றல்லவா எண்ணியிருந்தேன்! சட்டம் பார்ப்பது குற்றத்தை அன்று. மனிதன் கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறான் என்பதை. தண்டனை பெற்ற செல்வர் மேல்முறையீடு செய்து ஜாமீனில் வீட்டில் இருந்தால் வாக்களிக்கலாம். குற்றம் நிறுவப்படாத ஏழை, ஜாமீனுக்கு ஆளில்லாமல் உள்ளே இருந்தால் வாக்களிக்க முடியாது.

மறுநாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. “அவன் தப்பு செஞ்சான்னு இன்னும் யாரும் சொல்லலியே தம்பி” என்றார். என்னிடம் விடை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சீட்டுக்காரர் விரலில் மையைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி இதனால் வந்தது. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது அது தவறான ஆளின் மேல் போயிற்று என்று தெரிந்தது. அவர் தண்டனையை அனுபவித்துவிட்டு வந்தவர். ஐந்தாண்டு காலம் என்னையும் அவரையும் ஒரே சட்டம்தான் ஆளப் போகிறது. அவர் வாக்கைப் பிடுங்குவதால் எங்கள் பணம் வந்துவிடப் போகிறதா?

இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றவர்கள் உண்டு. 1997இல், அனுகூல் சந்திர பிரதான் வழக்கில், விதி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. சிறைவாசிகள் வாக்களிக்க ஏற்பாடு செய்தால் காவலும் செலவும் மிகும். தன் நடத்தையால் சிறை புகுந்தவன் வெளியே இருப்பவனோடு சம உரிமை கேட்க முடியாது. குற்றப் பின்னணி உடையோரைத் தேர்தல் களத்திலிருந்து விலக்கி வைப்பது நல்லது. தீர்ப்பு கூறிய காரணங்களுள் முக்கியமானவை இவை.

நான் பௌதிக மாணவன். எங்கள் சோதனைச் சாலையில் ஒரு காரணத்தைச் சோதிக்க வேண்டுமானால் மற்றவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துக்கொண்டு அதை மட்டும் மாற்றிப் பார்ப்போம். பெங்களூரில் சுதந்திரப் பூங்கா என்று இன்று மக்கள் உலாவும் இடம் பழைய மத்தியச் சிறை. 1975இல் நெருக்கடி நிலையின்போது அத்வானி போன்ற தலைவர்கள் அங்கே தடுப்புக் காவலில் இருந்தார்கள். அத்தகைய ஒருவர் அங்கிருக்கும்போது தேர்தல் வந்தால் தபால் வாக்கு உண்டு. அடுத்த அறையில் சைக்கிள் திருடிய வழக்கில் இருப்பவனுக்கு இல்லை. அதே சுவர், அதே காவலர், அதே தபால்காரர். அப்படியானால் செலவும் காவலும் எப்படிக் காரணமாகும்?

நடத்தைதான் காரணம் என்றால் அதுவும் நிற்கவில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. நாலில் மூன்று பேர்! அவர்களுடைய நடத்தை இன்னும் வழக்கில்தானே இருக்கிறது?

களத்திலிருந்து விலக்கி வைப்பது என்பதுதான் பெரிய வேடிக்கை. உள்ளே இருப்பவர் வாக்களிக்க முடியாது. ஆனால் வேட்பாளராக நிற்கலாம்! 1977இல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையில் இருந்தபடியே முசாபர்பூரில் வென்றார். வாக்களிக்க இயலாதவர் நிற்கவும் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. 2024இல் திகார் சிறையில் இருந்த அப்துல் ரஷீத் ஷேக் பாரமுல்லாவில் வென்றார். தமக்குத் தாமே ஒரு வாக்குப் போட்டுக்கொள்ள அவரால் முடியாது. நிற்க விரும்பியவர்களுக்காகச் சட்டம் சில வாரங்களில் திருந்தியது. பூக்கார அக்காவின் மகனுக்காகத் திருந்தவில்லை.

சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையில் வார்த்திகன் கதை வருகிறது. அவன் மகனுக்கு ஒருவர் அன்போடு கொடுத்த அணிகலன்களைக் கண்டு பொறாமை கொண்டவர்கள், அரசனுக்குரிய பொருளைக் கவர்ந்தான் என்று வார்த்திகனைச் சிறையில் இட்டார்கள். ஐயை கோயிலின் கதவு திறக்கவில்லை. பாண்டியன் திடுக்கிட்டு விசாரித்தான். பிழையை உணர்ந்து அவனை விடுவித்தான். நாட்டுச் சிறைக் கோட்டங்களையும் திறக்கச் சொன்னான். விசாரணைக்கு முன்னே சிறை என்பது அன்றைக்கும் இருந்திருக்கிறது. இன்றைக்குக் கோயில் கதவுகள் நன்றாகத்தான் திறந்து மூடுகின்றன.

விசாரணைக் கைதிக்கு இரங்குவது எளிது. கேள்வி தண்டனை பெற்றவனைப் பற்றியல்லவா என்று நண்பர்கள் மடக்கலாம். நியாயம். அந்தச் சீட்டுக்காரர் உள்ளே இருந்த நாட்களில் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்க வேண்டுமா? இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இருந்தும் சொல்கிறேன்: வேண்டும். நீதிபதி அவருக்கு விதித்தது சிறைவாசம். வாக்கைப் பறிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. வாக்குக்கு லஞ்சம் கொடுத்தவனுக்கும் ஆள்மாறாட்டம் செய்தவனுக்கும் ஆறாண்டுகள் வாக்கில்லை என்று அதே சட்டத்தின் 11அ பிரிவு சொல்கிறது. அது எனக்குப் புரிகிறது. வாக்கைத் திருடியவன் வாக்கை இழக்கிறான். சீட்டுப் பணத்தைத் திருடியவன் பணத்தையன்றோ திருப்பித் தர வேண்டும்? தென்னாப்பிரிக்காவில் 1999இலும் கனடாவில் 2002இலும் உச்ச நிலை நீதிமன்றங்கள் சிறைவாசிகளின் பக்கம் தீர்ப்பளித்தன. அந்நாடுகள் அதனால் கெட்டுப்போய்விடவில்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். “உங்க அக்காகிட்டே சொல்லிப் பாரு” என்றார். இன்னும் சொல்லவில்லை.

ஜூன் மாதம், முடிவுகள் வெளிவந்து ஒரு வாரம் கழித்து, அந்தப் பையன் வந்தான். அவன் மாமா ஊரில் நிலப் பத்திரத்தைக் கொண்டுவந்து ஜாமீன் நின்றாராம். மெலிந்திருந்தான். அக்கா பூக்கூடைக்கு அடியில் இருந்த தகர டப்பாவைத் திறந்து அந்த வாக்காளர் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவன் புரட்டிப் பார்த்தான்.

“எந்த இடம்ணே போட்டிருக்கு?” என்று என்னைக் கேட்டான்.

“நம்ம ஸ்கூல்தான்” என்றேன்.

நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனான்.